இடது முன் டயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கிவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். பட்டறையில் பதினோரு வருடம் ‘வாடா போடா’ என்று பேசியவன் இன்று ‘நீங்கள்’ என்று எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். பழைய உரிமையில் எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

முதலில் இங்கத்திய செய்தி. நம் முதலாளி பல் டாக்டர் பந்தயக் காரைச் சரிசெய்து முடித்துவிட்டார். முன்பக்கம் புதுசு, கதவு புதுசு, நிறம் மட்டும் பழைய மஞ்சள். அடுத்த சீசனுக்குக் கோடில்லாத ஸ்லிக் டயர் ஆர்டர் போட வேண்டும் என்று போன வாரம் தாளோடு வந்தார். முன் டயர் அகலம் இருநூற்று நாற்பதா, இருநூற்று ஐம்பதா என்று கேட்டார். ஐம்பது போட்டால் பிடிப்பு கூடும், ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும் என்றேன். “பல்லு பெருசு, தாடை சின்னது, அப்படித்தானே?” என்று கேட்டுக்கொண்டு அதையும் எழுதினார். அந்த மனிதருக்கு உலகமே ஒரு வாய்தான்.

தாளில் அடுத்த கட்டம் காம்பவுண்டு, ரப்பர் வகை. சாஃப்ட் எத்தனை, மீடியம் எத்தனை, ஹார்டு எத்தனை. நிரப்பிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவைக் கையில் வாங்கினேன். எழுத முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தாளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது செய்தி நீங்கள் அறிந்ததே. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள். உங்கள் ஊர்ப் பந்தயக் குழு ஒன்று உங்களை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டதாம், இருபதாம் தேதி வரச் சொன்னார்களாம், நீங்கள் முடியாது என்றீர்களாம். “அண்ணா, நீயாவது சொல்லேன். அவரு தன் காலையே நம்பறதில்ல. ஸ்கூல் வேன்ல நாப்பதைத் தாண்டறதில்ல. சிக்னல் கண்ணுல பட்டாலே பிரேக் மேல கால வெச்சுடறாரு. பிள்ளைங்க ஆமை மாமான்னு கூப்பிடுதுங்க. அவரும் சிரிச்சுக்கிறாரு” என்றாள். பிறகு, “என்ன பண்றது, தப்பு அவரு மேலதானே. நீயே சொன்னியே” என்றாள்.

நானே சொன்னேன். ஆமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியில் ஏதாவது கோளாறா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “வண்டியில ஒண்ணுமில்லம்மா. இவன்தான் லேட்டா பிரேக் அடிச்சான்” என்றேன். அவள் உங்களைவிட என்னை நம்பினாள். சின்ன வயதிலிருந்தே என் கை தப்புப் பண்ணாது என்று நம்புகிறவள்.

மாப்பிள்ளை, அன்று தப்புப் பண்ணியது என் கைதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன். அன்று காலையில் குளிர். தரை சூடாகாது, ஹார்டு பிடிக்காது என்று நாலு சக்கரத்துக்கும் சாஃப்ட் போடலாம் என்று நீங்களும் நானும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம். அதில் பிழையில்லை. பயிற்சி ஓட்டத்தில் இடது முன் டயரில் காற்று இறங்கியது. மாற்ற இருபது நிமிடம்தான் இருந்தது. கூடாரத்துக்கு வெளியே, கறுப்புத் தார்ப்பாயில் நாலைந்து டயர் கிடந்தன. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டயர் வந்ததும் ஸ்டிக்கரை எல்லாம் உரித்துப் போட்டுவிடுவேன். ஸ்டிக்கரைப் பார்த்து மாட்டுகிறவன் ஃபிட்டரா என்று எத்தனை முறை அலட்டியிருக்கிறேன். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவேன். உள்ளே போனால் சாஃப்ட், போகாவிட்டால் ஹார்டு. ரப்பரின் கடினம் பார்க்க டாக்டர் வாங்கித் தந்த அளவுமானி டப்பாவை விட்டு வெளியே வந்ததே இல்லை.

அன்றும் அழுத்தினேன். நகம் உள்ளே போயிற்று. மாட்டினேன்.

பத்து மணிக்கே வெயில் வந்துவிட்டது, நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் ஹார்டு டயரும் நகத்துக்கு இளகிக் கொடுக்கும். முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். பக்கச் சுவரில் எழுத்து அச்சாகி இருக்கிறது, சின்ன எழுத்து. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி டூல் பெட்டியில் இருந்தது. புதுப் பையன்கள் நாலு பேர் நின்றார்கள், அவர்கள் முன்னால் எடுத்துப் போட வெட்கம். இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று பதினாலு மாதமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

சூடேற்றும் சுற்றிலேயே நீங்கள் ரேடியோவில் சொன்னீர்கள், “மச்சான், இடது முன்னாடி பிடிக்கல, வழுக்குது” என்று. அந்த நாலு பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பதில் உங்களுக்கும் மறந்திருக்காது. “டயர்ல ஒண்ணுமில்ல. உன் கால்லதான் நடுக்கம். பயமா இருந்தா இறங்கி வீட்டுக்குப் போ.” பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் சுற்றில், மூன்றாவது வளைவில், வலப்பக்கம் திரும்புகிற இடத்தில் கார் திரும்பவில்லை, நேராகப் போய் மோதியது. பாரமெல்லாம் இடது முன் டயர் மேல் விழுகிற வளைவு அது.

அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றினேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். மூன்றில் S, ஒன்றில் H. டாக்டர் வந்து டயரெல்லாம் சரிதானே என்று கேட்டார். நாலும் சாஃப்ட்தான் என்றேன். அந்த டயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டேன். என்னைக் கட்டிய உங்கள் அக்கா ஒன்றும் தெரியாமல் இத்தனை நாளும் அதன் மேல்தான் துணிக் கிளிப் கூடையை வைத்திருந்தாள். ஒரு கோடுகூட இல்லாத இந்த மொட்டை டயரை எதற்குக் காப்பாற்றுகிறாய் என்று கேட்பாள். எதற்காவது ஆகும் என்பேன்.

நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் “என் தப்புதான், காலை நான்தான் தாமதமா வெச்சேன்” என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பொய் சொன்னதைவிட, நீங்கள் அதை நம்பத் தொடங்கியதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதுதான் என்னைத் தின்கிறது.

திங்கட்கிழமை அந்த டயரின் பக்கச் சுவரைக் கத்தியால் அறுத்தேன். அக்கா மேலே வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு நாள் சாப்பாடு மட்டும் வைத்தாள். நேற்று இந்தத் தாளுக்குப் பக்கத்தில் என் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அந்த ஆர்டர் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பதினாலு மாசம் இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கீங்களே” என்றார். அவர் சொல்லி நான் சிரிக்காத முதல் பேச்சு அது. இனிமேல் டயர் தேர்ந்தெடுப்பது என் வேலை இல்லை, கழற்றி மாட்டினால் போதும் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கறுப்பு ரப்பர் துண்டு, உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எழுத்து தெரியும். வழுக்குகிறது என்று உங்கள் கால் அன்று சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நீங்கள் பிரேக் அடித்த இடமும் சரி. அதே இடத்தில்தான் பதினோரு வருடம் அடித்தீர்கள், ஒரு நாளும் கார் நிற்காமல் போனதில்லை.

இருபதாம் தேதி போங்கள். எனக்காகப் போக வேண்டாம், என் மேல் இருக்கிற கோபத்திலாவது போங்கள். அங்கே ஃபிட்டர் யாராக இருந்தாலும் டயரின் எழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். வழுக்குகிற மாதிரி இருந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள், ரேடியோவில் என்னைப் போல ஒருவன் என்ன கத்தினாலும் சரி.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நானே போனில் சொல்லலாம் என்று மூன்று முறை நம்பரைப் போட்டேன். மூன்று முறையும் அவள் “சாப்பிட்டியாண்ணா?” என்றுதான் ஆரம்பித்தாள். சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் என்னோடு பேசாமல் போனால் அது எனக்கு வர வேண்டியது. உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டாளானால் அதை உடனே வாங்கிக்கொள்ளுங்கள், அவளைக் காக்க வைக்காதீர்கள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. உங்கள் கால் நன்றாக இருக்கட்டும். நீங்கள் மிதித்த இடத்தில் வண்டி நிற்கட்டும். என்றைக்காவது போனை எடுத்து, பழையபடி ‘யோவ் மச்சான்’ என்று திட்டத் தோன்றினால், எந்த நேரமானாலும் திட்டுங்கள். நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
கண்ணாடி போட்டுக்கொண்டு இதை எழுதிய
உங்கள் மச்சான்