ஏழு மேற்கோள்

ஜூன் 9
என் மகன் முகில் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். ஷூதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கணவர் வசந்த் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தையல் கோணி ரிஜெக்ட் ஆன ஜோடி. ஜெர்மனிப் பிள்ளைக்காக வெட்டியது, ஆம்பூர்க் காலுக்கு எப்படிச் சேரும்? இந்தத் தெருவில் யார் நொண்டினாலும் முதலில் ஷூவைத்தான் திட்டுவோம். பள்ளி திறந்த அன்றே சறுக்குமரத்திலிருந்து விழுந்தானாம். சாப்பிடும்போது அவனாகச் சொல்கிறான். தொடையில் வீக்கம். நல்லெண்ணெய் காய்ச்சி அழுத்தி நீவினேன். கத்தினான். கத்தினால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல், முதல் வகுப்பு.

ஜூன் 20
தினமும் நீவியும் வீக்கம் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆம்பூர் எலும்பு டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்தார். "கட்டியா இருக்கலாம்மா. சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம், லேட் பண்ணாதீங்க." அடுத்த வார்த்தையை எனக்குப் புரியாது என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார். புரிந்தது. படித்ததற்குக் கிடைத்த ஒரே பலன்.
வெளியே வசந்த் வண்டியின் கிக்கரை மிதித்துக்கொண்டே இருந்தார். சாவி போடவில்லை. 

ஜூன் 22
பக்கத்து வீட்டு சைரா அக்கா மாடிப்படியில் வழிமறித்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார்? வேலூர்ல நயீம் டாக்டர்கிட்ட காட்டு. எலும்புக் கட்டி ஆராய்ச்சியே அவருதான்."
வீட்டுக்குள் வந்ததும் அந்த டாக்டரைப் பரிசோதித்தேன். ஆமாம், நான், அவரை. பிரியாணிக் கடையை நட்சத்திரம் பார்த்துத் தேர்ந்தெடுக்காத ஊரில் பிறந்தவள், டாக்டரின் ஆராய்ச்சியை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நெட்டில் தேடி எண்ணினேன். எலும்புப் புற்றில் காலை எடுக்காமல் காப்பாற்றும் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல். சதைக் கட்டி பற்றியதற்கு முந்நூறு. கட்டி போலவே நடிக்கும் காயங்கள் பற்றி ஒன்று. அதற்கு வெறும் ஏழு. பாவம், மனிதர் ஏதோ பொழுதுபோகாமல் எழுதியிருக்கிறார் என்று தாண்டிப்போனேன்.

ஜூன் 26
டாக்டர் நயீம் அகமது முகிலின் தொடையை ஒரு விரலால் மட்டும் தொட்டார். "அடிபட்ட இடத்த நீவினீங்களாம்மா?"
"இல்ல சார்."
"பொய்யி," என்றான் முகில். "அம்மா டெய்லி நீவும். நான் கத்துவேன்."
வசந்த் கூரையைப் பார்த்தார். எனக்குப் பூமிக்குள் போக வேண்டும் போலிருந்தது. டாக்டரோ மேஜையில் தட்டிச் சிரிக்கிறார். "சபாஷ்டா தோஸ்த். இதுதான் எனக்கு வேணும்."
அடிபட்ட சதைக்குள் சில சமயம் எலும்பு வளருமாம். நீவ நீவ ஜாஸ்தியாகுமாம். ஆரம்பத்தில் சதை எடுத்துப் பார்த்தால் புற்று மாதிரியே தெரியுமாம். அதனால் இப்போது ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் எக்ஸ்ரே, நாலு வாரத்தில் ஸ்கேன். ஓரத்திலிருந்து உள்நோக்கி எலும்பாக இறுகினால் புற்று இல்லை, தானாகவே அடங்கிவிடும்.
"இறுகலைன்னா?"
"சந்தேகம் வந்த அன்னைக்கே ஊசி போட்டுப் பாத்துடுவேன். இன்னொண்ணு, இனிமே யாரும் கை வைக்கக்கூடாது. முக்கியமா நீங்க."
பஸ்ஸில்தான் உறைத்தது. இது அந்த ஏழு மேற்கோள் கட்டுரை. ஆயிரம் பேர் நம்பியதை நம்பி வந்தேன்; ஏழு பேர் நம்பியதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜூலை 1
இன்று தொடவில்லை. பார்த்தேன். பார்ப்பது கணக்கில் வராது.

ஜூலை 4
வசந்திடம் ஆம்பூர் டாக்டர் சொன்னபடியே செய்துவிடலாமா என்று கேட்டேன். "இன்னா ஸ்வேதா, நீதான அவர் கட்டுரையெல்லாம் எண்ணிப் பாத்து கூட்டிட்டுப் போன?" எண்ணினேன். படித்தேனா? எதைத்தான் படித்தேன் நான்?
இன்று படித்தேன். முதல் பத்தியிலேயே ஒரு பெண்குழந்தை. வயது ஒன்பது, தொடையில் கட்டி, புற்று என்று முடிவு, கால் நீக்கப்பட்டது. பிறகு அதே சதையைத் திரும்பப் பார்த்தபோது புற்று இல்லை.
நீக்கப்பட்டது. யார் நீக்கினார் என்று இல்லை. கட்டுரையை எழுதியவர் ஒருவர்தான்.
முகில் தூங்குகிறான். இரண்டு காலையும் என் மேல் போட்டுக்கொண்டு.

ஜூலை 10
எக்ஸ்ரேயில் கட்டியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. "ஓரம் வருது," என்றார் டாக்டர். "குடியாத்தம் லுங்கி கரை மாதிரி," என்று வசந்த் பெரிதாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கரை பாதிதான் இருந்தது. மீதியும் வரணுமே. வரும்ல?

ஜூலை 24
வளையம் முழுதாக இருக்கிறது. உள்ளே இன்னும் மெத்தென்று, வெளியே எலும்பு. புற்று இல்லை. இல்லை. இல்லை. மூன்று தடவை எழுதிக்கொள்கிறேன், என்னைத் திட்ட இங்கே யாரும் இல்லை.
அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது.
முகிலின் படங்களைத் தன் ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். சரி என்றேன். வாயை அத்தோடு மூடியிருக்கலாம். "சார், கட்டுரையில வர்ற அந்தப் பொண்ணு..."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரணாம்பட்டுல டீச்சரா இருக்கா. ஈத் அன்னைக்கு போன் பண்ணுவா. நான் உடனே எடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் ஆகும்."
பிறகு, எங்களை அனுப்பும் வேகத்தில், "ஆம்பூர் டாக்டர்கிட்ட நானே பேசறேன். திட்ட மாட்டேன். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

செப்டம்பர் 18
கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. முகில் ஓடுகிறான். ரிஜெக்ட் ஷூ வேண்டாமாம், கடை ஷூதான் வேண்டுமாம்.
சைரா அக்கா வந்தார். அவர் தங்கை மகள் ஹீனாவுக்குக் கபடியில் விழுந்து தொடை வீங்க, அதே ஆம்பூர் டாக்டரிடம் கூட்டிப் போனார்களாம். "சதை எடுத்துப் பாக்கணும்னு சொல்வாருன்னு என் தங்கச்சி அழுதுட்டே போனா. அவரு இன்னா கேட்டாரு தெரியுமா? நீவினீங்களான்னு. நீவாதீங்க, எக்ஸ்ரே எடுத்து எடுத்து ஒரு மாசம் பாக்கலாம்னு அனுப்பிட்டாரு. நல்ல டாக்டரா ஆயிட்டாரு திடீர்னு."
அக்கா போனதும் அந்தக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழக்கதோஷம்.
இன்னும் ஏழு என்றுதான் இருக்கிறது.