நாகராசா அண்ணன் உனக்குச் சொல்லச் சொன்னது

இன்று காலை கடையைத் திறந்து விளக்குமாறைக்கூடக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் நீ பேசிவிட்டாய்.

"சொன்னாக் கேளுங்க. இண்டைக்கு வெளிக்கடல் சரியில்ல. வீட்டில இரிங்க."

அரிசிப் பேணிக்குள் புதைத்து வைத்திருந்த போனில் இருந்துதான். சாம்பல்தீவு நாகராசா அண்ணனுடையது. படகின் அடியில் நின்ற தண்ணீருக்குள் விழுந்துவிட்டதென்று நேற்றுக் கொண்டுவந்து தந்தார். மீன் நாற்றம், மண்ணெண்ணெய் நாற்றம், உப்பு, எல்லாம் அதில் இருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. செத்த போன் என்று நினைத்துத்தான், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று அரிசிக்குள் போட்டேன். காலையில் எடுத்து உயிர் கொடுத்துப் பார்த்தால் வெளிச்சம் வந்தது. முகப்பில், கடல் காற்றைச் சொல்கிற உன் செயலி ஒன்றுதான் பெரிதாக இருந்தது. தட்டினேன். உன் குரலுக்குப் பின்னால் உன் வீட்டுச் சேவல் கூவுகிறது. அதற்கும் பின்னால் உன் மகள் எதற்கோ சிரிக்கிறாள்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது, மச்சான். என் போனிலும் நீ இருக்கிறாய். நான்தான் தட்டுவதில்லை. இன்று தட்டிவிட்டேன். அரிசிப் பேணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து அழுதேன். வெளியே நம் ஊர்த் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று கடைவாசலில் நின்று என்னையே பார்த்தது. அதற்கு என்ன விளங்கியதோ தெரியாது, வாசலில் கிடந்த கடதாசியைத் தின்றுவிட்டுப் போனது.

நமக்குள் நடந்த சண்டையெல்லாம் இந்த மேசையில்தான் நடந்தது. கிண்ணியாவில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்துவிட்டு, பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவாய். வந்ததும் ஹெல்மெட்டை என் மேசையில் வைப்பாய், நான் கழற்றிப் போட்டிருக்கும் ஆணிகளின் மேலேயே வைப்பாய். எத்தனை தரம் ஏசியும் கேட்டதில்லை. பிறகு தொடங்கிவிடுவாய். கடித்த பழம் போட்ட போன்களுக்குச் செயலி எடுக்கிற இணையக் கடைக்கு நீ பழக்கடை என்று பெயர் வைத்திருந்தாய். மற்ற எல்லாப் போன்களுக்குமான கடை பச்சைக்கடை. நம் செயலியை இரண்டிலும் போட்டிருந்தோம். நம் செயலி என்று சொல்கிறேனே தவிர, எழுதியது முழுக்க நீதான். எனக்குப் போனின் வயிற்றைத் திறக்கத் தெரியும். அதற்குள் நீ எழுதிவைத்ததில் ஒரு வரி தெரியாது.

பச்சைக்கடையில் அது இலவசம். பழக்கடையில் ஒரு பிளேன்டீயும் வடையும் வாங்கும் காசு. எடுத்தது எல்லாம் இங்குள்ள ஆட்கள், பச்சைக்கடையில். காசு வந்தது எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம்மாட்களிடமிருந்து, பழக்கடையில். பனிக்குள் இருந்துகொண்டு திருகோணமலைக் கடலில் இன்று காற்று எப்படி என்று அவர்கள் ஏன் தட்டிக் கேட்கிறார்கள் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அவங்களுக்குக் காத்து வேணாம்டா. ஊர்க்காரன் ஒருத்தன் போகாதீங்க எண்டு ஏசுறது வேணும்."

அந்தக் காசில் என்ன செய்யலாம் என்பதுதான் நமக்குள் பெரிய சண்டை. பழக்கடைச் செயலியை இன்னும் வடிவாக்கு, நிறம் போடு, அசைகிற அலை போடு, காசு தருகிறவனுக்குக் கொடு என்றேன் நான். அங்கே ஒருவன் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'திரை முழுக்க ஒரே பொத்தான், பார்க்கச் சகிக்கவில்லை' என்று எழுதியிருந்தான். நீ அதை வாசித்துக் காட்டிக் காட்டிச் சிரித்தாய். அந்தப் பொத்தான் ஏன் அவ்வளவு பெரிதென்று நமக்குத் தெரியுமே. முதலில் சின்னச் சின்னதாக நான்கு பொத்தான்களும் கீழே ஒரு விளம்பரமும் வைத்திருந்தாய். கொட்டியாரக் குடாக் கரையில் உன் மாமாவிடம் போனைக் கொடுத்தோம். ஈரக்கை, விரல் முழுக்கச் செதில். அவர் காற்றுப் பொத்தானைத் தட்ட, விரல் போய் விளம்பரத்தில் பட்டு, யாரோ ஒரு பெண் சேலையைச் சுழற்றிக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டாள். கரையில் நின்றவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மாமா போனைத் தூக்கி உன் கையில் திணித்தார்.

"இது எங்களுக்குச் சரிவராது மருமகன். இத வெச்சிக் கலியாணத்துக்குத்தான் போகலாம்."

அன்று பின்னேரமே விளம்பரத்தை எடுத்துவிட்டாய். பச்சைக்கடையில் வரவிருந்த கொஞ்சக் காசும் அதோடு போயிற்று. திரை முழுக்க ஒரே பொத்தான், எங்கே தட்டினாலும் பேசும். பழக்கடைக் காசில் தண்ணீர் புகாத உறைகள் வாங்கி இங்குள்ளவர்களுக்குக் கொடுத்தாய். கனடாக்காரன் காசில் மூதூர்க்காரனுக்கு உறையா என்று கேட்டேன். "ஓம், அதுக்கென்ன இப்ப?" என்றுவிட்டு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பதிலே சொல்லாமல் வெல்கிற வித்தை உனக்கு மட்டும்தான் தெரியும்.

இயந்திரக் குரலைப் போடலாம் என்றும் நான்தான் சொன்னேன். நீ மாட்டேன் என்றாய். காற்றின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வசனம், எல்லாம் உன் குரலில், உன் வீட்டுக் குசினிக்குள் இருந்து பதிந்தாய். போன் காற்றின் வேகத்தை எங்கிருந்தோ எடுத்து, அதற்கு ஏற்ற வசனத்தைப் பேசும். அதனால்தான் நீ இல்லாத இந்த நாளிலும் இன்றைய கடலைப் பற்றிப் பேசுகிறாய். யாராவது உன் குரலை வெட்டி ஒட்டித் தேர்தல் மேடையில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, அதை வெளியே எடுக்க ஏலாதபடி பூட்டும் போட்டாய். உன் குரலுக்கு அவ்வளவு கிராக்கி என்று உனக்கு நினைப்பு.

அந்தப் பூட்டையும், நீ விட்டுப்போன மற்றப் பூட்டுகளையும் பற்றித்தான் இன்று உன்னோடு கதைக்க வேண்டும்.

உன் நெஞ்சுவலி யாருக்கும் அவகாசம் தரவில்லை. காலையில் செய்தி, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மண் போட என்னையும் கூப்பிட்டார்கள். உன் போனைப் பற்றி அன்று யார் நினைப்பார்கள்? இரண்டு கடைக் கணக்கும் உன் பெயரில், செயலியைப் புதுப்பிக்கவும் வாடகை கட்டவும் அதற்குள் போனால்தான் முடியும். உள்ளே போக வேண்டுமென்றால் உன் இலக்கத்துக்கு ஒரு இரகசிய எண் வரும், அதைச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் உன் மனைவி இத்தாவில் இருந்தா. கணவனை இழந்தவ அந்நிய ஆண்களைச் சந்திக்காமல் வீட்டோடு இருக்கிற காலத்தில், மௌத்தானவரின் போனைத் தாருங்கோ என்று வாசலில் போய் நிற்பதா? அது சரியில்லை என்று இருந்துவிட்டேன். இத்தா முடிந்த பிறகும் உடனே போக மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன்.

கடைசியில் போனபோது உன் மனைவி உள்ளேயிருந்து அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்த போனை மகளிடம் கொடுத்துவிட்டா. அணைத்தபடியே வைத்திருந்தா. வாங்கி உயிர் கொடுத்துப் பார்த்தேன். சிம் செத்திருந்தது. இவ்வளவு காலம் காசு கட்டி ரீலோட் போடாத இலக்கத்தைப் போன் கொம்பனிக்காரர் திருப்பி எடுத்துவிட்டார்களாம்.

"கதவுக்கு வெளிய நிண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா அண்டைக்கே மகளிட்டக் குடுத்து விட்டிருப்பனே அண்ணன்," என்றா உன் மனைவி. "நீங்க கவலையில வரல்ல எண்டு நான் நெனச்சிட்டன்."

நான் அவவுக்கு மரியாதை செய்கிறேன் என்று நின்றிருக்கிறேன். அவ எனக்கு மரியாதை செய்கிறேன் என்று இருந்திருக்கிறா. இரண்டு பேருமாகச் சேர்ந்து உன் இலக்கத்தைத் தொலைத்துவிட்டோம். அப்போது ஒன்று சொன்னா, அதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

"நான் ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழுதிட்டு என்ட போன்ல தட்டிக் கேக்கிறன் அண்ணன். எங்கட வீட்டில கடலுக்குப் போற ஆக்கள் ஒருத்தரும் இல்ல. எண்டாலும் கேக்கிறன். இது நிண்டுடாதுதானே?"

நிற்காது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

உன் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன், மச்சான். மணி அடித்தது. எடுத்தவர் தம்பலகாமத்தில் ஒரு விவசாயி. அந்த இலக்கம் இப்போது அவருடையது. விசயத்தைச் சொல்லி, ஒரு எண் வரும், அதை மட்டும் வாசித்துச் சொல்லுங்கோ ஐயா என்று கேட்டேன்.

"ஆர் நீ? என்ர காசை வழிக்கவோ பாக்கிறாய்? இப்பிடிக் கேக்கிறவனுக்குச் சொல்லக் கூடாது எண்டு ரேடியோவில ஒவ்வொரு நாளும் சொல்லுறாங்கள்."

"இல்லை ஐயா, இது செத்துப்போன என்ர சிநேகிதன்ர இலக்கம்..."

"ஓமோம், போன கிழமை ஒருத்தன் லொத்தர் விழுந்திருக்கு எண்டான். நீ செத்த வீடு எண்டுறாய். இஞ்ச வயலுக்க யானை வந்து நிக்குது, வையடா போனை!"

அவரில் பிழை சொல்ல ஏலுமா? என் சொந்தத் தகப்பனுக்கு நானே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நேரே போய்ப் பார்க்கலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டி வீதியால் போனேன். மனிதர் படலைக்கு அங்கால் நின்று பேசினார். உன் படத்தைக் காட்டினேன். பார்த்தார், பாவம் என்றார், தேத்தண்ணீர் குடிக்கிறியோ என்றும் கேட்டார். எண்ணை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். கெஞ்சினேன். கடைசியில் மனம் இரங்கி ஒரு எண்ணை வாசித்தார். போட்டேன். அது போதாதாம், உன் பழைய போனின் கடவுச்சொல்லும் வேண்டுமாம். அதை நீ உன்னோடு கொண்டு போய்விட்டாய். மகளின் பிறந்தநாள், உங்கள் கலியாண நாள், எல்லாம் போட்டுப் பார்த்தோம். போன் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

கடைக்காரர்களுக்கும் எழுதினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் மரியாதையான பதில்கள்தான் வந்தன. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், ஆனால் கணக்கு அவருடையது. அவர்கள் கேட்கிற பத்திரங்களைத் தேடிக் கொடுக்க எனக்கு எந்த உரித்தும் இல்லை. நான் யார் உனக்கு? சகோதரனா, பங்காளியா? மேசையில் ஹெல்மெட் வைக்க இடம் கொடுத்தவன். உன் மனைவியை அந்த அலைச்சலுக்குள் இழுத்தோம், அவவும் பத்திரங்களுக்காக அரசாங்கக் கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைந்தா. அதற்குள் காலம் போய்விட்டது.

எந்தக் கடை நின்றுபிடிக்கும் என்று எத்தனை நாள் வாதாடியிருப்போம்? பழக்கடை வருடா வருடம் வாடகை கேட்கிற கடை. கட்ட ஆள் இல்லை, உன் செயலியைக் கடையிலிருந்தே இறக்கிவிட்டார்கள். பச்சைக்கடை ஒருமுறை வாங்கிக்கொண்டு விட்டுவிடும், அதுதான் நம் ஏழைகளின் கடை என்று நான் சொல்வேன். அது இறக்கவில்லை. ஆனால் செயலி பழசாகிவிட்டதாம், புதுப் போன்களுக்கு அதைக் காட்டாது, பழைய போனிலிருந்து எடுத்துப் போட்டாலும் ஏற்காது. காசு வந்த கடையும் போயிற்று, ஆட்கள் வந்த கடையும் போயிற்று. ஏற்கெனவே யார் யாருடைய போனில் இருக்கிறதோ, அந்தப் போன் உடையும்வரை நீ இருப்பாய். அவ்வளவுதான்.

கொழும்பில் படித்த ஒரு பொடியனிடம் கேட்டேன். "பழசை விடுங்கோ அண்ணை. புதுசா ஒண்டு செய்யலாம், ரெண்டிலயும் காசும் வரும். குரலை இப்ப மெசினே பேசும்," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு யார் குரலானால் என்ன என்று ஒரு மனம் சொல்கிறது. மற்ற மனம் அவனைக் கடையை விட்டு எழும்பிப் போகச் சொன்னது. வாய் அதையே சொல்லிவிட்டது.

இன்று பத்து மணிபோல நாகராசா அண்ணன் வந்தார். போன் உயிரோடிருப்பதைக் கண்டு அவருக்குச் சந்தோசம். கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் தட்டினார். நீ ஏசினாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"வேற ஒண்டு மகன் போட்டுத் தந்தவன். பொம்பிளைக் குரல். கடல் கொந்தளிக்குது எண்டதையும் சிரிச்சுக்கொண்டு சொல்லுது. ஆர் அதைக் கேக்கிறது? இந்தத் தம்பிதான் ஏசுற மாதிரிச் சொல்லுவார்." பிறகு தன் சட்டைப் பையிலிருந்து புத்தம்புதுப் போன் ஒன்றை எடுத்து வைத்தார். "இது மகன்ர. அவன் இப்ப தனியப் படகு எடுக்கப் போறான். நான் சொன்னாக் கேக்கிறவன் இல்லை. இதிலயும் இந்தத் தம்பியைப் போட்டு விடுங்கோ."

புதுப் போன். மினுங்கியது. அதில் உன்னைப் போட ஏலாது, மச்சான். தேடிப் பார்ப்பதுபோல விரலால் அங்குமிங்கும் தள்ளினேன். 'பார்க்கிறன் அண்ணை, பின்னேரம் வாங்கோ' என்று சொன்னேன். போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். வாசலில் நின்று திரும்பினார்.

"உங்களுக்கு அந்தத் தம்பியைத் தெரியுமெல்லோ? போன வாடைக் காத்துக் காலத்துக்க ஒரு நாள், போகாதீங்க எண்டு ஏசினவர். நான் நிண்டிட்டன். போன ஆக்கள் வலையை வெட்டி விட்டிட்டுத்தான் உயிரோட வந்தவை. கண்டால் சொல்லுங்கோ, நாகராசா கேட்டவன், போகேல்லை எண்டு."

போன வாடைக்கு நீ மண்ணுக்குள் இருந்தாய்.

"ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன்.

அவர் மகனின் போன் இன்னும் என் முன்னால் கிடக்கிறது. பின்னேரம் அதைக் கேட்டு வருவார். உன் மனைவியின் போனில் பற்றரி ஊதத் தொடங்கிவிட்டது, மகள் நேற்றுச் சொன்னாள். நாளைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். உன்னை வைத்திருக்கிற போன் எது உடைந்து வந்தாலும் காசு வாங்குவதில்லை, எப்படியோ திருத்தி அனுப்பிவிடுகிறேன். எத்தனை நாளைக்கு ஏலுமோ தெரியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

நாகராசா அண்ணன் நீ சொன்னதைக் கேட்டவர், மச்சான். அன்றைக்குப் போகவில்லை. சொல்லச் சொன்னார்.