நான் எடுக்காத பாடம்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று முன்பள்ளியில் இருந்தவர்கள்: நான், அதிகாரி ஐயா, ஐந்து பிள்ளைகள். வேறு எவருமில்லை.

நான் பாடம் எடுப்பதை அவர் பார்த்தால்தான் என் கற்பித்தல் அனுமதி புதுப்பிக்கப்படும். தொடங்கியதுமே சிரித்தார்.

"ரீச்சர், திங்கள் நீர் எடுத்த பாடத்தைப் பார்த்திட்டன்தானே? அந்த அலைப்பாட்டு நல்லாயிருந்தது. இந்தப் படிவத்தில ஒப்பத்தை வையும்."

திங்களன்று கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. நான் கடலுக்கு அப்பால், நயினாதீவு அம்மன் கோயில் மடத்தில் இருந்தேன். முன்பள்ளிப் பூட்டின் ஒரே திறப்பும் என்னிடமே இருந்தது.

"நான் வரேல்லையே, ஐயா."

"வந்தனீங்கள் ரீச்சர்," என்றாள் சின்னவள் துளசி. "ஈரச் சீலையோட வந்தனீங்கள்."

பிறகு ஐவரும், எனக்குத் தெரியாத அந்தப் பாட்டைப் பாடினார்கள்.

ஒப்பம் வைக்கத் திங்கள்வரை தவணை கேட்டிருக்கிறேன். அம்மன் தாயே, வந்தது நீயென்றால் வைப்பேன். வேறு ஆரேனும் என்றால் எனக்கு அந்த அனுமதி வேண்டாம். ஞாயிறு விளக்கேற்றுமுன் பதில் சொல்லு.