அம்மன் மாடு என்று சொன்னதைத் திருத்திக்கொள்ள

அனுப்புநர்:
மா. கருப்பையா,
டயர் பழுதுபார்க்கும் கடை,
மிங்கலாடோன், யாங்கோன்.

பெறுநர்:
தெருக் கால்நடைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
மிங்கலாடோன்.

பொருள்: கல்பட்டியில் அடைபட்டுள்ள செவலைக் காளையை ஏலத்திலிருந்து நீக்கி என்னிடம் ஒப்படைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சந்தையில் முட்டைக்கோஸ் கடைகளில் வாய்வைத்த குற்றத்துக்காக இக்காளையைத் தங்கள் ஆட்கள் பிடித்து, வெள்ளைக்காரர் காலத்தில் தெருமாடுகளை அடைக்கக் கட்டிய கல்பட்டியில் விட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அப்படிச் செய்யக்கூடிய மாடுதான் அது.

2. பட்டிக் காவலர் ஊ தான் ஷ்வே நல்ல மனிதர். உங்கள் மாடா என்று கேட்டார். அம்மன் மாடு என்றேன். உரிமையாளர் இல்லை என்று பதிந்துகொண்டார். தவறு அவருடையதல்ல. என் மனைவி சொர்ணம்மாள் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர்கள் கைவிரித்தபோது, அவள் எழுந்தால் வீட்டுக் கன்றை அம்மனுக்கு விடுவதாக வேண்டிக்கொண்டேன். எழுந்தாள்; விட்டேன். அப்படி விட்டதை மறுபடி என் மாடு என்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. கொடுத்ததைப் பறித்ததாகிவிடும். ஆகவே வாய் வரவில்லை. அதற்காக இன்று மிகவும் வருந்துகிறேன்.

3. கோயில் தர்மகர்த்தா தங்கவேலு அவர்களிடம் போனேன். கோயில் மாடு என்று எழுதிக்கொடுத்தால் அது தின்ற முட்டைக்கோசுக்கெல்லாம் கோயில் பதில் சொல்ல வேண்டிவரும் என்று நழுவிவிட்டார்.

4. பட்டிக்குக் கூரை இல்லை. இந்த மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. என் குரல் கேட்டால் சுவரோரம் வந்து மூக்கை நீட்டுகிறது. உரிமையாளர் தவிர யாரும் தீனி போடக்கூடாது என்பதால், கொண்டுபோன புல்லைத் திரும்ப எடுத்துவந்தேன். திங்கட்கிழமை ஏலம். எடுப்பவர் வண்டியில் பூட்ட எடுக்கமாட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல.

வீட்டில் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. மதியம் கழுநீர் குடிக்க வராத மாட்டைத் தேடி சொர்ணம்மாளே தெருவில் இறங்கிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டபின் அவள் சொன்னது: “எனக்கு வர்றது வரட்டும். நம்ம மாடுன்னே சொல்லிட்டு வாங்க.”

ஐயா, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் என் முந்தைய சொல்லைத் தள்ளி, இந்தச் சொல்லை ஏற்று, ஏலத்துக்கு முன் காளையை விடுவிக்க மன்றாடுகிறேன். இனி அது என் வீட்டில் கட்டிக்கிடக்கும். தாங்கள் படிப்பதற்குப் பர்மிய மொழியில் என் மகள் பவானி எழுதியது இத்துடன் உள்ளது. நான் தமிழில் எழுதியது அம்மனும் அறியட்டும் என்றுதான்.

இடம்: மிங்கலாடோன்
நாள்: 14-8-2024

தங்கள் இரக்கத்தை நம்பியிருக்கும்,
மா. கருப்பையா
(காளையின் சொந்தக்காரன்)