அடுப்படிக்கு வந்த காற்று

அக்கா,

நேற்று நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றும் வேலைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பின்கட்டில் வேலையாட்களுக்குச் சமையல் நடந்தது. மிளகாய் வற்றல் எண்ணெயில் விழுந்த நெடி தொண்டையைப் பிடித்தது. இருமி முடித்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

காரைக்குடியில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு ஏசியும் காற்றோட்டமும் வடிவமைத்தவள் நான். சமையலுக்குத் தலைமை நீங்கள். முதல் கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது, குளிர் எல்லாப் பக்கமும் சீராகப் பரவுகிறதா என்று வெப்பமானியும் கையுமாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளூரப் பெருமை. நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றீர்கள்.

"நீங்கதான இன்ஜினியரம்மா? சாப்பிடுற எடத்துக்குக் காத்து வச்சிருக்கீக. ஆக்குற எடத்துக்கு வைக்கலையே?"

"வச்சிருக்கேனே அக்கா. அடுப்புக்கு மேல பெரிய ஃபேன் இருக்கே, புகையை இழுக்க?"

"அது சுத்துது. புகை போகல. வந்து நின்னு பாருங்க."

வந்தேன். ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. குளிர் வெளியேறக் கூடாதென்று இடைக்கதவை அடைத்திருந்தார்கள். ஈக்குப் பயந்து ஜன்னலையும். வெளிக்காற்று உள்ளே வந்தால்தானே ஃபேன் புகையை வெளியே தள்ளும்? ஜன்னல்தான் இருக்கிறதே என்று, காற்று வருவதற்கென ஒரு வழியை நான் வரையவே இல்லை.

"கதவைத் தெறந்து வைங்கக்கா" என்று நழுவப் பார்த்தேன்.

"தெறந்தா அங்குட்டு சத்தம் போடுறாக. ஏங்கூட நாலு புள்ளைக நிக்கிதுக. ஒருத்தி முழுகாம இருக்கா. அவளுக்கு என்ன சொல்லட்டும்?"



மறுநாள் மண்டபத்துக்காரரிடம் போய், தவறு என்னுடையது, காற்று உள்ளே வரப் பின்சுவரில் ஒரு திறப்பு உடைக்க வேண்டும் என்றேன். முகம் சுளித்தார், ஆனாலும் சம்மதித்தார். சுவரில் உயரமாக நான் கோடு போட்டதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்புட்டு ஒசரத்துல வந்தா தீ அலையும். இங்குட்டு வைங்க, நம்ம முதுகுக்குப் பின்னால, இடுப்புக்குக் கீழ." அப்படியே வைத்தோம்.

அடுத்த முகூர்த்தத்தில் நீங்கள் வற்றலைத் தாளித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். காற்று எங்கள் முதுகைத் தொட்டுப் போய்ப் புகையை மேலே தூக்கிச் சென்றது. யாரும் இருமவில்லை. சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்தீர்கள். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நான் ஆக்குறதோட வாசம் எனக்கே தெரியுது" என்றீர்கள்.

போன வருடம் நீங்கள் காய்ச்சலில் படுத்து எழவேயில்லை என்று தகவல் வந்தது. கண்டரமாணிக்கம் தேவாலயத்தில் உங்கள் ஆன்மாவுக்கான பூசை நடந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களோடு நின்ற நால்வரும் வந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் அவள் மகள் தூங்கினாள். அப்போதுதான் உறைத்தது: தவறு என்னுடையது என்று மண்டபத்துக்காரரிடம் சொன்னேனே தவிர, அந்தப் புகையில் நின்ற உங்களிடம் சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன் அக்கா.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடமானாலும் வரைபடத்தில் அடுப்படியைத்தான் முதலில் எடுக்கிறேன். காற்றுக் குழாய்களை வரைவதற்கு முன்னால், அடுப்பின் அருகே ஒரு சின்ன வட்டம் போடுவேன். இன்று காலை எங்கள் அலுவலகத்தில் படம் வரைபவர் கேட்டார்: "இது தூணா மேடம்?"

"இல்ல, அங்க ஒரு ஆள் நிக்கிறாங்க" என்றேன்.