கூடைக்குள் கிடந்த கால்தடம்

18-8-1997, திங்கள்

சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் என்று பஞ்சாயத்து ஆபீசில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தது இப்போதுதான். மாவட்டத்துக்கு இருந்த சிதம்பரனார் பெயரை எடுத்துவிட்டு வெறும் தூத்துக்குடி என்று ஆக்கியதும் இந்த வருஷம்தான். பஸ்களிலும் பழைய பெயர் மேல் பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் ஓட விட்டிருக்கிறார்கள். என் வேட்டியில் பாதி ஒட்டிக்கொண்டது. இந்த வருஷம்தான் என் மகன் சுடலைமணி மேல் போட்ட கொலைக் கேசையும் விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். கொலை நடந்தது தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த வருஷம். ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அவன் ஜாமீனில் இருக்கிறான். இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அவன் பெண்டாட்டி உமாதேவி எழுதுகிறாள். வக்கீல் செண்பகராஜ்தான் சொன்னார்: "பெரியவரே, ஞாபகத்துல இருக்கிறதை அன்னன்னைக்குச் சொல்லி எழுதி வையும். கோர்ட்டுல குழம்பிரக் கூடாது."

குழம்புவதா? நானா?

19-8-1997

ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. உமாதேவி பேனாவை மூடிவிட்டாள்.

22-8-1997

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மழை விட்ட மறுநாள் காலை. அழகிரிசாமி தோட்டத்து மோட்டார் ரூமில் காவலுக்குப் படுத்திருந்த பூவனலிங்கம் மண்டை உடைந்து வாசலில் செத்துக் கிடந்தான். மோட்டாரின் செம்புக் கம்பியைக் காணோம். ஊரே ஓடியது. நானும் ஓடினேன். கூட்டம் எல்லாத் தடத்தையும் மிதித்துத் தள்ளிவிட்டது. அவன் தலைமாட்டுக்குப் பக்கம் ஈரக் கரிசலில் ஒரே ஒரு வெறுங்கால் மட்டும் அச்சு வார்த்த மாதிரித் தப்பியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நீளக் கால். என் மகனுக்குக் குட்டைக் கால். செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செருப்பை எடுத்துப் போடுவான். இதைச் சொன்னால் பெற்றவன் பேச்சு என்கிறார்கள்.

மாடு களவு போனால் எங்கள் பக்கம் முதல் வேலை, தடத்தின் மேல் கூடையைக் கவிழ்ப்பது. என் அப்பா காலத்தில் துப்புக்கூலி வாங்குகிறவர்கள் தடம் பிடித்துக்கொண்டே ஊர் ஊராய்ப் போவார்கள். எந்த ஊரில் தடம் நிற்கிறதோ அந்த ஊர்தான் மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் மாயகிருஷ்ணன் ஒரு பருத்திக் கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்தான். உச்சிமாகாளி அதன் பக்கத்தில் குத்தவைத்துக் காவல் இருந்தான். அதுவரைக்கும் சரி. அப்புறம் நான் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டேன். மற்றதெல்லாம் என் பெண்டாட்டி முத்துத்தாய் கண்ணால் பார்த்துச் சொன்னது.

மத்தியானம் போலீஸ் வந்து பிரேதத்தைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அறுக்கக் கொண்டுபோனார்கள். வண்டிச் சக்கரம் சகதியில் புதைந்துவிட்டது. இருந்த ஆம்பளை எல்லாம் தள்ளப் போனான் — போலீஸ்காரனும்தான், உச்சிமாகாளியும்தான். அந்த நேரத்தில் முத்துத்தாய் வாளியில் சாணித் தண்ணீர் கரைத்து வந்தாள். சாவு வீட்டில் பிரேதம் எடுத்த கையோடு தெளிக்கிறதுதானே. இது வீடில்லை, துப்புத் துலக்க வேண்டிய இடம் என்று யாருக்குத் தோன்றும்? பூவனலிங்கத்தின் பெண்டாட்டி பார்வதியம்மாள் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "எம் புருசன் கெடந்த எடம். நாந்தான் ஊத்துவேன்" என்றாளாம். ஊற்றிக்கொண்டே வந்தவள் கூடையைத் தூக்கி, அதற்குள்ளும் ஊற்றி, மறுபடியும் கவிழ்த்துவிட்டாள்.

கரிசல் தண்ணீர் பட்டால் உப்பும். வெயில் பட்டால் சுருங்கி வெடிக்கும். இது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் வந்து தடத்துக்குள் சுண்ண மாவு கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார்கள். அச்சில் வந்தது குட்டைக் கால்!

2-9-1997

சுடலைமணியை ஏன் பிடித்தார்கள் என்று உமாதேவி எழுதச் சொல்கிறாள். கொலைக்கு முந்தின வாரம் எங்கள் ஆடுகள் பருத்திக்குள் இறங்கிவிட்டன. பூவனலிங்கம் இரண்டைப் பிடித்துக் கட்டிப்போட்டான். டீக்கடையில் வைத்து, "கட்டுன கைய ஒடிக்கேனா இல்லியா பாரு" என்று இவன் கத்தினான். நாலு பேர் கேட்டார்கள். அது ஒன்று. போலீஸ் நாய் வந்து மோந்து, ஓடி, நேராக எங்கள் ஆட்டு மந்தைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது ஒன்று. மாயகிருஷ்ணன் அப்போதே சொன்னான்: "ஏலே, அதுக்குக் கறி ஆசை. துப்பாவது துலக்கமாவது." எல்லாரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் சுடலைமணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அந்த மாவுக் கால் அவன் காலோடு ஒத்துப்போனது. மூன்றும் சேர்ந்தால் கொலைகாரன்.

மாயகிருஷ்ணன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். முத்துத்தாய் தொண்ணூற்றைந்தில் போனாள்.

8-9-1997, திங்கள்

உச்சிமாகாளி சாட்சி சொன்னான்.

"கூடையை யாராவது தூக்கினார்களா?" என்று செண்பகராஜ் கேட்டார்.

"காத்துகூட உள்ள போவல எசமான்."

திரும்பி வரும்போது அதே பஸ். விடுவேனா. "ஏலே உச்சிமாகாளி, வண்டி தள்ள நீயும் போனேல்லா?"

"கை வச்சேன். கண்ணு கூடை மேலதான் இருந்துது."

"முதுகுல கண்ணு வச்சிருக்கியோ?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அவன் முகம் சுண்டிவிட்டது. "வே தவசி, எங்க அப்பன் காவக்காரன். நான் காத்த பொருள் மேல ஈ உக்காந்துதுன்னு நானே சொல்லணுமோ? உம்ம மவனுக்காவ எங்க அப்பன் பேரை விக்கச் சொல்லுதீரோ?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவன் அதை நம்புகிறான்.

9-9-1997

சுடலைமணி சோற்றைத் தள்ளிவிட்டுப் போனான்.

16-9-1997

மாவுக் காலைப் பற்றிச் சொல்ல நிபுணர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனுஷன். சாட்சி சொல்லுவதற்கு முன்னால் கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, கைநாட்டு மாதிரிதானா கால்தடமும்? ஆளுக்கு ஒண்ணுதானா?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "இல்ல பெரியவரே. விரல் ரேகை ஒருத்தருக்கு இருக்கிறது இன்னொருத்தருக்கு இருக்காது. ரெட்டைப் பிள்ளைக்கும் வேற வேறதான். நூறு வருஷத்துக்கு முன்னாலயே இதைக் கண்டுபிடிச்சு, உலகத்துலயே மொதல்ல நம்ம கல்கத்தாவுலதான் ரேகைக்குன்னு ஆபீஸ் வச்சாங்க. பாதத்துலயும் ரேகை உண்டு. ஆனா சேத்து மண்ணுல அது விழாது. நீளம், அகலம், விரல் இருக்கிற இடம் — அவ்வளவுதான் கிடைக்கும். அது பத்துப் பேருக்கு ஒத்துப்போகலாம்."

"பெறகு எதை வச்சுய்யா சொல்லுதீங்க?"

"ஒத்துப்போகுதுன்னு மட்டும்தான் சொல்லுவேன். இவன்தான்னு சொல்ல மாட்டேன்."

"தடத்துல தண்ணி ஊத்தியிருந்தா?"

டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அது தடமே இல்ல. ஆனா யாராவது வந்து சொல்லணும். மாவு பேசாது."

"நான் அவன் அப்பன்யா."

டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார். தப்பில்லை. பேசக் கூடாதுதான். கூண்டில் ஏறி என்னிடம் சொன்னதையேதான் சொன்னார். தண்ணீரைப் பற்றிச் செண்பகராஜ் கேட்டதற்கு, "அப்படி யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை" என்றார்.

நல்ல மனுஷனாக இருந்து என்ன செய்ய? திட்டக்கூட முடியவில்லை.

17-9-1997

செண்பகராஜிடம் கத்திவிட்டேன். "முத்துத்தாய் பாத்தான்னு நான் கூண்டுல ஏறிச் சொல்லுதேன். அவ பொய் சொல்ல மாட்டா."

"செத்தவ சொன்னான்னு நீர் சொன்னா எடுபடாது பெரியவரே. பாத்தவங்களே வந்து சொல்லணும்."

"பாத்தவ பார்வதியம்மா இருக்காள்ல. அவகிட்டப் போறேன்."

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அந்தம்மா வாசலை மிதிச்சிராதேயும்! சாட்சியைக் கலைச்சான்னு மறுநாளே உம்ம மவனை உள்ள வச்சிருவான். ஜாடைகூட காட்டப் பிடாது."

அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. போலீஸ் கேட்டபோதும் கோர்ட்டில் கேட்டபோதும் அவள் சொன்னது ஒன்றுதான் — எம் புருசனுக்கும் சுடலைமணிக்கும் சண்டை. வேறு எதையும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் கேஸே போய்விடும் என்று செண்பகராஜும் தண்ணீரைப் பற்றி அவளைக் கேட்கப் பயந்துவிட்டார். ஐந்து வருஷமாக என்னோடு பேச்சில்லை.

தெரிந்தவள் அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். என்ன சட்டம்டா இது!

(இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.)

25-9-1997

வாய்தா.

4-10-1997

உச்சிமாகாளி நேற்று செத்துப்போனான். மாரடைப்பு. "போவாதீங்க மாமா" என்றாள் உமாதேவி. போனேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். அவன் மேல் கோபம் இன்னும் போகவில்லை, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது.

பாடையைத் தூக்கியதும் பெண்கள் வாசலில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். பார்வதியம்மாள் சுவர் ஓரமாக நின்றாள். தண்ணீர் மண்ணில் ஊறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜாடைகூடக் கூடாதே.

11-10-1997, சனி

கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பார்வதியம்மாள் வந்தாள். எழுந்து தள்ளிப் போகப் பார்த்தேன்.

"நில்லுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நாந்தான் பேசுதேன்."

முன்பெல்லாம் வாய்க்கு வாய் அண்ணாச்சி என்பாள். இன்று அந்தச் சொல் இல்லை.

"அந்த மாவுக் காலு, தண்ணி ஊத்துன பெறகு எடுத்ததாமே? தண்ணி ஊத்துனா தடம் மாறிருமாமே? ஊர்ல பேசுதாவ. மெய்யா?"

ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் ஊத்துனேன். கூடைக்குள்ள அவிய ரத்தம் கெடக்குன்னு நெனைச்சேன். அத மட்டும் அப்படியே விட்டுட்டுப் போவ மனசு வரல. தடம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வக்கீல்ட்டச் சொல்லி என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க. உங்க மவனுக்காவ இல்ல. அவன் கொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா நான் கெடுத்த தடத்த வச்சு ஒருத்தனப் புடிச்சுப் போட்டுட்டு, அவியளக் கொன்னவன் வெளிய பீடி குடிச்சிட்டுத் திரியுதானோன்னு நெனைச்சா தூக்கம் வர மாட்டேங்கு."

போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடுகள் யார் பயிருக்குள் இறங்கினவோ தெரியாது.

13-10-1997

செண்பகராஜ் மனுப் போட்டிருக்கிறார். அவளாகத்தான் வந்தாளா என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். உமாதேவி சாமி படத்து முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

27-10-1997, திங்கள்

பார்வதியம்மாள் கூண்டில் ஏறினாள். கூடையைத் தூக்கியதையும் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னாள்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை? பணம் வாங்கினாயா?" என்று சர்க்கார் வக்கீல் அதட்டினார்.

"செத்தது எம் புருசன். நான் யார்ட்டப் பணம் வாங்கணும்? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நிபுணரைத் திரும்ப அழைக்க ஜட்ஜ் உத்தரவு போட்டார். தீர்ப்பு எப்போது என்று தெரியாது. எப்படி வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. "மாவுக் காலு ஒடிஞ்சிட்டுது பெரியவரே" என்றார் செண்பகராஜ். சுடலைமணி வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜட்ஜ் அவளிடம் ஒன்று கேட்டார்: அன்றைக்கு அந்தக் கூடையோடும் தண்ணீரோடும் சம்பந்தப்பட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா? அவள் விரலை மடக்கிச் சொன்னாள். உமாதேவி, அதை அப்படியே எழுது. கூடை கொண்டுவந்த மாயகிருஷ்ணன் போய்விட்டான். தண்ணீர் கரைத்த முத்துத்தாய் போய்விட்டாள். காவல் இருந்த உச்சிமாகாளி போய்விட்டான். இனி உயிரோடு இருப்பது பார்வதியம்மாள் ஒருத்திதான்.