மாமி பறிக்காமல் விட்ட பூக்கள்

மாமி,

இன்று காலை செவ்வரத்தைப் பூச்சாடியைப் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குளிர்காலம் முழுக்க முன்னறை யன்னலடியில் நின்ற சாடி. வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் காய்ந்து கிடந்த மண் ஒரு வாசம் விட்டது பாருங்கள், கை அப்படியே நின்றுவிட்டது. மாசியில் நீங்கள் போனபோது வெளியே நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. இது நீங்கள் இல்லாத முதல் வைகாசி.

நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டை விட்டு, வளவுள்ள வீடாகப் பார்த்து ஸ்காபரோவுக்கு வந்த முதற்கோடையில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஹமிங் பேர்ட். என்னோடு வேலை செய்த யமேக்காக்காரர் ஒருவர் தன் வளவுக்கு அது தினமும் வருகிறது என்று படம் காட்டியிருந்தார். உள்ளங்கைக்குள் மூடிவிடலாம் போல ஒரு குருவி, இறகை அடித்துக்கொண்டு காற்றிலேயே நின்று தேன் குடிக்கிறது. சிவப்புப் பூவாக நடு, தானாகத் தேடிவரும் என்று அவர் சொன்னார். மிளகாயும் தக்காளியும் வைக்க வேண்டிய இடத்தில் நான் சிவப்புச் சல்வியாப் பூச்செடி நட்டேன். செவ்வரத்தை இரண்டு வாங்கிச் சாடியில் வைத்தேன். உங்கள் மகள் வதனி ஒரு கிழமை என்னை முறைத்தாள்.

பூத்தது என்னவோ உண்மை. குருவிதான் வரவில்லை. எப்படி வரும்? நான் எழும்புவதற்கு முன்னமே நீங்கள் முழுகி, தட்டோடு வளவில் இறங்கி, ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்துவிடுவீர்கள். நான் தேத்தண்ணீரோடு வந்து பார்த்தால் வெறும் இலை. சாமியறையில் முருகன் கழுத்துவரை சிவப்பில் நிற்பார்.

மருமகன் என்ற மரியாதையில் நீங்கள் என்னோடு நேரே கதைப்பதில்லை. குசினியில் இரண்டு அடி தள்ளி நின்றாலும் வதனிதான் நமக்குத் தபால்காரி.

"அம்மாட்டச் சொல்லு, பூ குருவிக்கு நட்டதெண்டு."

"குருவிக்கு ஏன் பூ? அரிசியைப் போடச் சொல்லு பிள்ளை."

"இது அரிசி தின்னாத குருவியெண்டு சொல்லு."

"அப்ப அது சாமிக்கு மிஞ்சின குருவியோ எண்டு கேள்."

வதனி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது" என்று எழும்பிப் போய்விடுவாள்.

அந்தப் பூக்கள் யாருக்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "நீங்கள் முதல்ல போங்கோ அம்மா, நான் பின்னால வாறன்" என்று உங்களைக் கொழும்புக்கு ரயிலேற்றிவிட வவுனியாவரை வந்து திரும்பிப் போன உங்கள் மகன் குகனுக்காக. சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவனும் வன்னிக்குப் போனான் என்ற தகவல் மட்டும் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. காலையில் ஒவ்வொரு பூவாக வைத்துக்கொண்டு அவன் பெயரை நீங்கள் சொல்வது மேல்மாடிக்கும் கேட்கும். பூவை விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? ஆனாலும் வெறும் செடியைப் பார்க்கும்போது எரிச்சல் வரத்தான் செய்தது. நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

ஆவணியில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ரெலிபோனை எடுத்தவன் நான். குகன் மலேரியாவில் போய்விட்டான். அகதிகள் இருந்த ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறான். மருந்து இல்லை. பக்கத்தில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. செத்து இரண்டு கிழமை கழித்துத்தான் அந்தச் செய்தியே வன்னியைத் தாண்டியிருக்கிறது.

நீங்கள் சத்தமாக அழவில்லை. சாவுத்துடக்கு என்று சொல்லிச் சாமியறைக் கதவைச் சாத்தினீர்கள். துடக்கு வீட்டில் விளக்கு வைப்பதில்லை, பூப் பறிப்பதில்லை. பூத்தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள்.

பறிப்பார் இல்லாமல் செடிகள் பூத்தன. நாளுக்கு நாள் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன அழகான தோட்டம் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

குருவி வந்தது. நீங்கள் பின்கதவுப் படியில் இருந்தீர்கள், நான் உங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு பெரிய வண்டு போல இரைச்சல் கேட்டது. சல்வியாவுக்கு முன்னால் பச்சையாக ஒன்று காற்றில் நின்றது. வைகாசியிலிருந்து நான் தவம் கிடந்தது இதற்குத்தான். வந்தபோது கல்லெறிந்து விரட்டலாம் போல இருந்தது எனக்கு.

"உதுவோ தம்பி, நீங்கள் சொன்ன குருவி?"

எனக்கு நேரே நீங்கள் சொன்ன முதல் வார்த்தை அது. நான் ஓம் என்றேன்.

"எங்கட ஊர்த் தேன்குருவி கொப்பில இருந்து குடிக்கும். உதுக்கு இருக்க நேரமில்லைப் போல" என்றீர்கள். அது போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து வீடு கழுவிய மறுநாள், முன்போலவே முழுகித் தட்டோடு வளவில் இறங்கினீர்கள். குருவியின் கதை முடிந்தது, முடியட்டும், மாமி பழையபடி பூப் பறித்தால் போதும் என்று யன்னலுக்குள் நின்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். செவ்வரத்தைக்கு முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். வெறுந்தட்டோடு திரும்பி வந்தீர்கள்.

"ஏன் அம்மா, பூ?" என்று வதனி கேட்டாள்.

"சாமியிட்டக் கேக்கிறதுக்கு இனி என்ன இருக்கு பிள்ளை. அது நிக்கட்டும்."

வதனி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பூக்கள் குறையத் தொடங்கியபோது நான் சீனித்தண்ணீர் வைக்கும் சிவப்புக் குப்பி ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் என்று சொல்லித் தந்தேன். அதன்பிறகு அந்தக் குப்பியை நீங்கள் என்னைத் தொடவிடவில்லை. காய்ச்சி, ஆறவைத்து, முழுகிவிட்டு வந்துதான் ஊற்றினீர்கள்.

புரட்டாசியில் குருவிகள் குறைந்தன. எங்கே போகின்றன என்று கேட்டீர்கள். மெக்சிக்கோ பக்கம், கடலையும் கடந்து போகுமாம் என்றேன்.

"தாய் கூட்டிக்கொண்டு போகுமோ?"

"இல்லை மாமி. குஞ்சும் தனியத்தான் போகுமாம்."

நீங்கள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"தனியப் போறதுக்கு, வழியில ஆரும் ஒரு வாய் தண்ணி வைச்சிருப்பினம், என்ன தம்பி?"

நீங்கள் குருவியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

"ஓம் மாமி. வைச்சிருப்பினம்."

நீங்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனீர்கள். பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. குகனுக்கு யாராவது ஒரு வாய் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது மாமி. சொல்லக்கூடியவர்கள் ஒருவரையும் நாம் கண்டதில்லை. தெரியாத ஒன்றுக்கு நான் சொன்ன அந்த ஓம் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது.

அந்த வருடத்திலிருந்து, குருவிகளெல்லாம் போய் நீங்கள் கைவிட்ட பிறகும் ஐப்பசி முடியும்வரை நான் குப்பியைக் கழற்றுவதில்லை. குளிரில் நின்று தண்ணீரை மாற்றி ஊற்றுவேன். வதனி முதல் வருடம் மட்டும் கேட்டாள், இனி ஆர் வரப்போகினம் என்று.

பிந்தி ஒண்டு தனிய வந்தாலும் எண்டு சொன்னன்.